முப்பத்துநாலு எழுத்து ரயில்

ஜூன் 3, செவ்வாய்

வருது வருது வருது, நம்ம ‘நாலாம் கேட்’ பாட்டுக்கு அனிமேஷன் வீடியோ வருது, அதுவும் அர்ஜென்டினாவிலிருந்து, அதுவும் ரசிகர்கள் நாங்களே காசு போட்டு, அதுவும் அந்தக் காசு மொத்தமும் என் போனில்!!!

எழுத்து கோணலாக இருக்கிறது, இருக்கட்டும்.

முறையாக எழுத வேண்டும். ‘நாலாம் கேட்’ என்பது எங்கள் தூத்துக்குடி பேண்டு, பெயர் ஊர் ரயில்வே கேட்டிலிருந்து வந்தது. நாலு பேர், ஒரு டிரம்ஸ், ஒரே ஒரு ஆல்பம். உலகத்தில் அவர்களுக்கு அறுபத்துமூன்று தீவிர ரசிகர்கள். நாங்கள் எங்களைக் கேட்கீப்பர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். குழுவுக்கு இரண்டு அட்மின்கள். ஒன்று நான், ஜெனிட்டா, ஜெராக்ஸ் கடை ஊழியர். இன்னொன்று இசக்கி, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கியில் டெக்னீஷியன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

‘மழைக்குள்ள ரயில்’ பாட்டைக் கேட்டுவிட்டு லௌத்தாரோ என்று ஒருவர் ஒரு ரயில் படம் வரைந்து நெட்டில் போட்டிருந்தார். ஊர் ரொசாரியோ. ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. நான்தான் அவரைக் கண்டுபிடித்தேன் (இதை இன்னும் பத்து தடவை எழுதுவேன்). நான்கு நிமிஷப் பாட்டுக்கும் படம் செய்து தருகிறாராம். பேண்டுக்குத் தெரியாது, சர்ப்ரைஸ்.

அவர் கேட்பது டிஜிட்டல் காயின் மட்டும். டாலர் விலையிலேயே நிற்கும் வகை. அவர் ஊர்ப் பணத்தின் மதிப்பு காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்பதால் அங்கே வரைகிறவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் வாங்குகிறார்களாம். கத்தார், கிள்ளான் (மலேசியா), டொராண்டோ ரசிகர்களுக்கும் இது வசதி. குழுவில் வேலட், அதாவது காயின் வைக்கிற போன் ஆப், வைத்து ஆளத் தெரிந்த ஒரே ஆள் நான். யாரிடமும் படிக்கவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றது.

அம்மா கேட்டாள்: “ஏட்டி, போனுக்குள்ள காசுன்னு சொல்லுத. போனு தண்ணிக்குள்ள விழுந்தா?”

“அதுக்கு பன்னெண்டு வார்த்தை எழுதி வச்சிருக்கேன்மா. அத வேற போன்ல போட்டா காசு திரும்ப வந்துரும்.”

“எங்க?”

“சொல்லக் கூடாது.”

“நீ அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருக்க. நான் பாத்துட்டேன்.”

இடத்தை மாற்ற வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

முதலில் கொஞ்சம் அனுப்பிப் பார்ப்பது, அது சரியாகப் போய்ச் சேர்ந்தால்தான் மிச்சம். இது நான் வீடியோவில் கற்ற விதி. இசக்கி அதற்கு மேல் இன்னொரு விதி போட்டாள். அனுப்பும் முன், காசு போகிற வேலட்டின் முழு முகவரியையும் இரண்டு பேர் சத்தமாக வாசிக்க வேண்டும்.

“முதல் நாலு, கடைசி நாலு பாத்தாப் போதும்ட்டி. எல்லாரும் அப்படித்தான் பாக்காங்க.”

“எங்க பிளட் பேங்க்ல ஒரு பை வெளிய போகணும்னா ஒருத்தி நம்பர வாசிப்பா, இன்னொருத்தி சீட்டப் பாத்து சரிம்பா. முழு நம்பரும். முதல் நாலு சரியா இருக்குன்னு எவனுக்காவது ரத்தம் ஏத்துவியா?”

“சரி, வா” என்று போனை வைத்தேன்.

டூட்டி முடிந்து கடைக்கு வந்தாள். லௌத்தாரோ அனுப்பிய முகவரி முப்பத்துநாலு எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் எல்லாம் கலந்து கிடக்கிறது. நான் வாசித்தேன், அவள் ஒரு பழைய ரத்தப் பை லேபிளின் பின்பக்கம் எழுதினாள். மூன்று தடவை தடுமாறினோம். அப்புறம் அவள்தான் சொன்னாள்:

“நாலு நாலாப் பிரிட்டி. எட்டு பெட்டி. மிச்சம் ரெண்டு எழுத்து கார்டு பெட்டி.”

ரயில்! நம் பாட்டிலேயே ரயில்! ‘மழைக்குள்ள ரயில்’ டிரம்ஸ் தாளத்தை அவள் டிபன் பாக்ஸில் தட்ட, நான் “டி, பெரிய கியூ, ஏழு, சின்ன எம்” என்று ஆரம்பித்து கார்டு பெட்டி வரை ஒரே மூச்சில் பாடினேன். லேமினேஷனுக்கு வந்த ஒரு அம்மா பாதியில் கைதட்டினார்கள். கடை முதலாளி சேவியர் அண்ணாச்சி, “யம்மா, கடைல பரீட்சை அப்ளிகேஷன் கெடக்கு, இங்க ரெண்டும் கச்சேரி வைக்கீங்க” என்றார்.

பத்து டாலர்தான் சோதனைத் தொகை. பதினொன்றாக அனுப்பினேன். நல்ல காரியத்துக்கு வட்டமாகக் கொடுப்பதா? மேலே ஒன்று வைத்தால்தானே மொய். லௌத்தாரோவுக்கு மொழிபெயர்ப்பு ஆப் வைத்து இதை விளக்கி எழுதினேன். “பதினொன்று வந்தது. அந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது” என்று பதில் போட்டார்.

ஜூன் 6, வெள்ளி

பார்த்ததும் குதித்தேன். உண்மையிலேயே குதித்தேன், கீழ் வீட்டில் கேட்டிருக்கும்.

லௌத்தாரோ மொய் திருப்பி அனுப்பியிருக்கிறார்!

வேலட்டைத் திறந்தால் 0.01 வந்து நிற்கிறது. முன்னால் அதே ‘டி கியூ ஏழு எம்’, பின்னால் அதே நாலு. ஒரு டாலர்கூட இல்லை, அதில் நூறில் ஒன்று. மனுஷனுக்கு நம் வழக்கம் பாதிதான் புரிந்திருக்கிறது. பாதி புரிந்ததே எவ்வளவு பெரிய விஷயம்! ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “அர்ஜென்டினாவிலிருந்து மொய்!!!” என்று குழுவில் போட்டேன். கிள்ளான் வாசுகி அக்கா அதை வைத்து மஞ்சள் குங்குமம் பூசிய போஸ்டரே செய்துவிட்டார்கள். ஐம்பத்தெட்டு இதயங்கள்.

இசக்கி மட்டும், “அவர் சொன்னாரா?” என்று கேட்டாள். மொய் வைத்தவன் வந்து நான்தான் வைத்தேன் என்று சொல்வானா? சில பேருக்குச் சந்தோஷப்படவே தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச், அப்புறம் சீலா மீன் குழம்பு. லௌத்தாரோ இருபது வினாடி மாதிரிப் படம் அனுப்பினார். நாலாம் கேட் மூடுகிறது, மழை, சைக்கிள்காரர் தலையில் பாலிதீன் பை. அழுதுவிட்டேன். “இன்னும் யாருக்கும் காட்ட வேண்டாம்” என்று எழுதியிருந்தார்.

ஸ்டேட்டஸில் போட்டேன். ஸ்டேட்டஸ்தானே, ஒரு நாளில் போய்விடும்.

ஜூன் 9, திங்கள்

இசக்கி அறுபத்துமூன்று பேர் முன்னால் கேட்டாள்: “அவர் வேண்டாம்னு சொன்னத எதுக்குப் போட்ட? எல்லாத்தையும் ஊருக்குக் காட்டியே ஆகணுமா உனக்கு?”

நானும் பதில் சொன்னேன். ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. “ரத்தப் பையை எண்ணிக்கிட்டு இருக்கவளுக்கு ரசனையைப் பத்தி என்ன தெரியும்” என்று மட்டும்தான்.

அவள் பார்த்துவிட்டாள். நீல டிக் வந்துவிட்டது. பதில் இல்லை.

ஸ்டேட்டஸை எடுத்துவிட்டேன். அவள் சொன்னதற்காக இல்லை.

ஜூன் 11, புதன்

கடையில் நாள் முழுக்க ஆதார் கலர் பிரிண்ட். லௌத்தாரோ பதினான்கு படம் அனுப்பினார். இசக்கி புரொஃபைல் படத்தை மாற்றியிருக்கிறாள். கடலைப் பார்த்து நிற்கிறாள், முதுகு மட்டும் தெரிகிறது. அந்தப் படத்தை எடுத்தது நான். எனக்கென்ன.

ஜூன் 12, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 14, சனி

அண்ணாச்சி கேட்டார், “எங்கம்மா அந்த ரத்த வங்கி? டிபன் பாக்ஸத் தட்ட ஆளக் காணோம்?”

“டூட்டி மாத்திட்டாங்க அண்ணாச்சி.”

“அப்படியா. நேத்து இதே நேரம்தான் ரோட்டுல போச்சே, கடையத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே.”

மெஷினில் பேப்பர் சிக்கிவிட்டது, எடுக்கப் போய்விட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

முடிந்துவிட்டது!!! நான்கு நிமிஷமும் முடிந்துவிட்டது! சின்ன அளவில், மேலே குறுக்கே எழுத்து போட்டு அனுப்பியிருக்கிறார். ஆறு தடவை பார்த்தேன். மிச்சப் பணம் வந்ததும் முழு அளவு ஃபைல். இந்த மாத வாடகையை அதை நம்பித்தான் வைத்திருக்கிறாராம். நாளைக்கே அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆயிரத்து நூறு, மேலே ஒன்று. நம் கணக்கில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்தாயிரம் ரூபாய். கத்தாரில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் அண்ணன் ஒருவர் இரண்டு தவணையாகப் போட்டது இதில் இருக்கிறது. டொராண்டோவில் ஒரு கல்லூரிப் பெண் பிறந்தநாள் காசைப் போட்டது இருக்கிறது.

ஒரு தடவை தப்பான இடத்துக்குப் போனால் திரும்பி வராது. பேங்க் மாதிரி போன் செய்து நிறுத்தச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாததா.

ஜூன் 18, புதன்

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

மத்தியானம் மூன்று மணி, கடையில் கூட்டம் இல்லை. அனுப்பிவிடலாம் என்று வேலட்டைத் திறந்தேன். லௌத்தாரோ சாட்டில் முகவரி எங்கோ மேலே போய்விட்டது, அதற்குக் கீழே இருநூறு படம். வேலட் ஹிஸ்டரியில் முதல் வரியிலேயே மொய் வந்த முகவரி நிற்கிறது. அதைத் தொட்டு காப்பி செய்தேன். முன்னால் நாலு சரி, பின்னால் நாலு சரி. தொகையையும் போட்டேன்.

வாசிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் இசக்கி.

ஒரு ஆளே இரண்டு குரலில் வாசித்தால் என்ன? இல்லாவிட்டால் வாசித்ததாகவே... குழுவில் போட வேண்டிய செய்தியைக்கூட அடித்துவிட்டேன்: “இருவரும் முழுதாக வாசித்துச் சரிபார்த்து அனுப்பியாயிற்று.” வேலட்டில் காசை அனுப்புகிற பட்டன் மேல் விரல் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்த ‘இருவரில்’ ஒருத்தி குழுவிலேயே இருக்கிறாள். படிப்பாள். நீல டிக் வரும். ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

செய்தியை அழித்தேன். அவளுக்கு எழுதினேன்: “வாசிக்கணும். அஞ்சு நிமிஷம் போதும்.”

“நாலரைக்கு வாரேன்” என்று வந்தது.

நாலு இருபதுக்கே வந்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நானும்தான். போன் கவரைக் கழற்றி உள்ளேயிருந்து எதையோ எடுத்து விரித்தாள். அந்த ரத்தப் பை லேபிள். பதிமூன்று நாளாக அதை அங்கேயே வைத்திருக்கிறாள்.

“வாசி” என்றாள்.

“டி. பெரிய கியூ. ஏழு. சின்ன எம்.”

“சரி. ரெண்டாம் பெட்டி.”

“சின்ன ஜே, எட்டு, பெரிய டபிள்யூ...”

“நில்லு. என்னது ஜேயா?”

“ஜேதான்.”

“இங்க பெரிய ஆர், ரெண்டு, சின்ன வி, சின்ன வி.”

“நீ தப்பா எழுதியிருப்ப.”

“நான் தப்பா எழுதுனா ஆஸ்பத்திரில ஆளு செத்துப் போவும். நீ ஒழுங்கா வாசி.”

திரும்ப வாசித்தேன். மூன்றாம் பெட்டியும் வேறு. நாலு, அஞ்சு, ஆறு, எல்லாம் வேறு. கடைசியில் கார்டு பெட்டி வந்தது. ஒரு எழுத்து மாறாமல் அதே.

போனையும் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஜெராக்ஸ் மெஷின் சூடாகி முனகிக்கொண்டிருந்தது.

“இன்ஜினு அதே, கார்டு பெட்டி அதே” என்று இசக்கி மெதுவாகச் சொன்னாள். “நடுவுல வேற ரயிலுட்டி இது.”

லௌத்தாரோ சாட்டில் ஜூன் ஐந்துக்குப் போனோம். படம், படம், படம், தள்ளித் தள்ளி விரலே வலித்தது. அவர் அனுப்பிய முகவரியும் லேபிளும் முப்பத்துநாலும் ஒன்று. என் போனில் பட்டனுக்குக் காத்திருந்தது யாருடையதோ.

“இது எங்கருந்து எடுத்த?”

“மொய் வந்ததுல்லா...” பாதியில் நிறுத்தி அந்த 0.01-ஐ மறுபடி பார்த்தேன். “அது அவரு அனுப்புன மொய் இல்ல, என்னட்டி?”

அவருக்கு எழுதிக் கேட்டோம். அங்கே காலை எட்டு மணி. உடனே பதில்: “நான் எதுவும் அனுப்பவில்லையே. மொய் என்றால் நீங்கள் எனக்குக் கொடுப்பது என்றுதான் நினைத்தேன். நான் திருப்பித் தர வேண்டுமா?”

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை. அண்ணாச்சி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “எதாவது ஒண்ணு செய்யுங்க, கஸ்டமர் பயப்படுதாங்க” என்றார்.

“என்னாலதான இது? அந்த ஸ்கிரீன்ஷாட்டப் போட்டனே, அதப் பாத்துத்தான எவனோ...”

“அது ஆறாந்தேதி சாயங்காலம்ட்டி போட்ட. இந்தக் காசு காலைலயே வந்துட்டுல்லா. உன் ஸ்கிரீன்ஷாட்டுக்கு அவ்வளவு பவரு கிடையாது. ரொம்ப நெனச்சுக்கிடாத.”

லௌத்தாரோதான் விளக்கினார். யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பது எல்லோரும் பார்க்கிற மாதிரி திறந்துதான் கிடக்கிறதாம். அதை நாள் முழுக்க நோட்டம் விடும் புரோகிராம்கள் இருக்கின்றனவாம். ஒரு முகவரிக்கு நாம் அனுப்பியதும், முன்னும் பின்னும் அதே எழுத்து வருகிற இன்னொரு முகவரியைத் தேடி உருவாக்கி, அதிலிருந்து தூசி மாதிரி ஒரு தொகையை நமக்குப் போட்டுவிடும். அடுத்த தடவை அவசரத்தில் ஹிஸ்டரியிலிருந்து காப்பி செய்வோம் என்று காத்திருக்கும். திருட வந்த பைசாவுக்கு நான் மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறேன்.

சாட்டிலிருந்து முகவரியை எடுத்தோம். அவள் வாசித்தாள், நான் சரிபார்த்தேன். இடம் மாற்றி இன்னொரு தடவை. பிறகு பெயர் போட்டு முகவரிப் பட்டியலில் சேமித்தோம், இனிமேல் ஹிஸ்டரி பக்கமே போக வேண்டாம் என்று. கடைசித் தடவை அவள் டிபன் பாக்ஸைத் தேடினாள். இன்று எடுத்து வரவில்லை. ஸ்டேப்ளரை வைத்துத் தட்டினாள்.

அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில், “ஆயிரத்து நூற்று ஒன்று. வாடகை பிழைத்தது. நன்றி, கேட்கீப்பர்களே!”

இசக்கி எழுந்தாள். லேபிளை மடித்து மறுபடி போன் கவருக்குள் வைத்தாள்.

“ஏட்டி” என்றேன்.

“என்ன.”

“அந்த ரத்தப் பை...”

“பருத்திப் பால் வாங்கித் தா. பெரிய கிளாஸ்.”

வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பெரிய கிளாஸ் குடித்தாள்.

ஜூன் 19, வியாழன்

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். மொய் மொய்யே இல்லை என்பதையும், பட்டன் மேல் விரல் இருந்ததையும் எழுதினேன். போடும் முன் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். வாசுகி அக்கா வாய்ஸ் போட்டார்கள்: “நல்ல வேளை பிள்ளை! எங்க ஆபீசுல ஒரு ஆளு இதே மாதிரி மூணு மாசச் சம்பளத்த விட்டுட்டு வாயத் தொறக்காம இருந்தாரு. நீ தொறந்தியே, அதுவே போதும். ஆனா என் போஸ்டரு வீணாப் போச்சேம்மா!”

அண்ணாச்சி தன் பேங்க் கணக்கு நம்பரை என்னிடம் நீட்டி, “இதையும் பாட்டா வாசிங்க, மச்சினனுக்கு அனுப்பணும்” என்றார்.

ஜூன் 27, வெள்ளி

முழு ஃபைல் வந்துவிட்டது. இசக்கி வீட்டில் இரண்டு பேரும் ஒரே இயர்போனில் பார்த்தோம். கடைசியில் அறுபத்துமூன்று பேரின் பெயரும் ரயில் பெட்டிகளில் எழுதிப் போகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி. நாங்கள் அப்படிக் கேட்கவே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து வேலட்டைத் திறந்தால் ஒரு டாலர் வந்திருக்கிறது. முழுசாக ஒன்று. முன்னால் டி கியூ ஏழு எம்.

குதிக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. இசக்கிக்கு போன் போட்டேன்.

“லேபிள எடு.”

“குளிச்சுட்டு இருக்கேம்ட்டி!”

“நான் லைன்ல இருக்கேன். எடு.”

ரெண்டாம் பெட்டி: பெரிய ஆர், ரெண்டு, சின்ன வி, சின்ன வி. சரி. மூன்று சரி. நாலு சரி. எட்டுப் பெட்டியும் கார்டு பெட்டியும் சரி, சரி, சரி. அப்போதும் அவளுக்குத் திருப்தி இல்லை. “அவர்ட்டயே கேளு” என்றாள். கேட்டேன். “இந்த முறை நான்தான்” என்று ஒரு சைக்கிள்காரர் படம் வரைந்து அனுப்பினார்.

அப்புறம் குதித்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

கேட்கீப்பர்களே, இதுவரை இது என் நோட்டு. இன்று பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அப்படியே குழுவில் போடுகிறேன். இசக்கியிடம் முதலில் படிக்கக் கொடுத்தேன். அந்த ஒன்பதாம் தேதி வரியை வெட்டிவிடவா என்று கேட்டேன். “தொடாத. அது எனக்கு வேணும், சாகுற வரைக்கும் சொல்லிக் காட்ட” என்றாள்.

உங்களில் யாராவது காயின் அனுப்புகிறவர்கள் இருந்தால், இந்தப் பக்கங்களை அவர்களுக்கும் அனுப்புங்கள். கேட்காமல் வருகிற காசைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நடுப்பெட்டிகளைப் பாருங்கள். மாட்டிக்கொண்டவர்களும் மாட்ட இருந்தவர்களும் வெட்கப்படாமல் கீழே எழுதுங்கள், நான் ஆரம்பித்துவைத்துவிட்டேன்.

ஜூலை ஆறு, ஞாயிறு, மாலை ஆறரை மணி, இசக்கி வீட்டு மொட்டைமாடி. வெள்ளை பெட்ஷீட் கட்டி படம் போடுகிறோம். பேண்டு நாலு பேரையும் பிரியாணி என்று சொல்லி வரவழைக்கிறோம், யாரும் உளறிவிடாதீர்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு லைவ் உண்டு.

வருகிற ஒவ்வொருவரும் கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இந்தப் பாட்டை இதுவரை கேட்காத ஒரு ஆளை. அதுதான் மொய்.

உங்கள் பெயரையும் அந்த ஒரு ஆளின் பெயரையும் இதற்குக் கீழே முழுதாகப் போடுங்கள். மாடிப்படியில் லிஸ்டை வைத்துக்கொண்டு இசக்கி வாசிப்பாள், நான் முகத்தைப் பார்த்துச் சரி சொல்வேன். இரண்டு பேரும் சொன்னால்தான் மேலே ஏற்றுவோம்.